வேனுக்குள் ஈரம், சூடு, சத்தம்: உள்வேலைக் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

பெங்களூரு அல்சூரில் எனக்குத் தச்சுப் பட்டறை. வீட்டு அலமாரி வேலையிலிருந்து வேன் உள்வேலைக்கு, அதாவது வேன் தகட்டின் உள்பக்கம் சூடு தடுக்கும் ஃபோம் ஒட்டி மேலே பலகை அடிக்கும் வேலைக்கு, வந்தவன். ஆம்னி, ஈகோ, விங்கர், டிராவலர் என்று கைக்கு வந்த வண்டிகளில் நான் புதிதாக ஃபோம் ஒட்டிப் பலகை அடித்தவை குறைவு. வேறெங்கோ அடித்ததைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தவைதான் அதிகம். வருகிற குறைகள் ஏழெட்டுக்கு மேல் இல்லை, அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பையைக் காலி செய்யும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். நேராகக் கடைசிக் காரணத்துக்குத் தாவி, நல்ல பலகையை உடைத்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், டிஷ்யூ பேப்பர், மாஸ்கிங் டேப், ஒரு மல்டிமீட்டர், தண்ணீர் ஹோஸ், கூட ஒரு ஆள்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பலகை திருகில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா? திருகு என்றால் கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் பலகையைப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். முழுக்கப் பசை என்றால், எந்தக் குறை வந்தாலும் ஒரு பலகை பலியாகும். அப்படி உடைக்க நேரும்போது மறுபடி ஒட்டாதீர்கள். ரிப்பில் (தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம்) எம்5 ரிவெட் நட் (துளையில் நசுக்கிப் பதிக்கும் நட்) பதித்து, போல்ட்டில் மாட்டுங்கள்.


காலையில் எழுந்தால் பலகையோ மெத்தையோ நனைந்திருக்கிறது

என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான் வருகின்றன. ஈரம் இரண்டு வகை. வெளியிலிருந்து வரும் ஒழுகல் ஒன்று, உள்ளேயே உண்டாகும் வேர்ப்பு ஒன்று. எது என்று தெரியாமல் சீலன்ட் (ஓட்டை அடைக்கும் பசை) ட்யூபைக் கையில் எடுக்கக் கூடாது.

பிரித்தறிய: சந்தேகமான இடத்தில் பலகையைக் கழற்றி, ஃபோமை விலக்கி, தகட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். வழக்கம்போல ஒரு ராத்திரி வண்டியில் தூங்குங்கள். காலையில் தாளின் மேல்பக்கமும் சுற்றியுள்ள தகடும் நனைந்து, தாளுக்கு அடியில் காய்ந்திருந்தால் அது வேர்ப்பு. தாளுக்கு அடியில் தண்ணீர் நின்றால் ஒழுகல். ஒரு மழை ராத்திரி, ஒரு மழையில்லாத ராத்திரி என்று இரண்டு தடவை பார்த்தால் சந்தேகமே இருக்காது.

மழை இல்லாத ராத்திரியிலும் ஈரம் என்றால்

1. காற்று போக வழி இருக்கிறதா? இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. உள்ளே டீ போட்டால் அதோடு சேர்த்து. ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம், எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் அதே அளவு திறந்து வைத்து ஒரு ராத்திரி பாருங்கள். பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி ராத்திரி 15 டிகிரி பக்கம் இருக்கும்போது பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஊட்டிக்குப் போனால் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும், அங்கே இது மட்டும் போதாது.

2. ரிப்கள் மூடியிருக்கின்றனவா? எல்லோரும் தகட்டுக்கு ஃபோம் ஒட்டிவிட்டு, கூரையின் குறுக்கு ரிப்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குளிர் அந்த இரும்பு வழியாக நேராகப் பலகைக்கு வந்துவிடும். பலகையில் கோடு கோடாக ஈரம் தெரிந்தால், அந்தக் கோடுகள் ரிப் இருக்கும் இடங்கள்தான், தட்டிப் பாருங்கள். 6 மி.மீ. நைட்ரைல் ஃபோமை (ரப்பர் ஃபோம்) பட்டையாக வெட்டி ரிப் மேல் ஒட்டி, அதன்மேல் பலகையை மாட்டினால் போதும்.

3. ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும் ஃபோமுக்குப் பின்னால் ஈரக்காற்று நுழைந்து, அங்கே வேர்த்து, வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஓரங்களை அழுத்திப் பாருங்கள். பொம்மென்று அமுங்கினால் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டி, இணைப்புகளில் அதே ஃபோமின் டேப்பைப் போடுங்கள்.

4. உள்ளே இருப்பது கண்ணாடிக் கம்பளியா? வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் மிஞ்சியதை வண்டியில் அடைக்கிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்க அது கீழே சரிந்து, ஈரத்தைக் குடித்துக்கொண்டு அடித்தகட்டில் உட்கார்ந்துவிடும். பாலிதீனில் சுற்றி வைத்திருந்தால் இன்னும் மோசம், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. இதற்கு ஒட்டுப்போடும் வைத்தியம் கிடையாது, எடுத்துவிட வேண்டும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு எடுங்கள். அதன் இடத்துக்கு நைட்ரைல் அல்லது எக்ஸ்.எல்.பி.ஈ. (ஒரு வகை பாலிதீன்) ஃபோம் வேண்டும். இரண்டுமே தண்ணீர் குடிக்காதவை. செலவு அதிகமாகும் இடம் இது.

மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு மட்டும் ஈரம் என்றால்

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையில் முன்பக்கம் நுழைந்தது ரிப் வழியாக ஓடிவந்து பின்கதவு மேல் சொட்டும். ஒரு டிராவலரில் பின் விளக்குப் பக்கம் மூன்று தடவை சீலன்ட் அடித்திருந்தார்கள். நுழைந்தது கேரியர் போல்ட்டின் ஓட்டையில், ஆறு அடி தள்ளி.

ஹோஸ் சோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சும் டிஷ்யூவுமாக உட்காரட்டும். வெளியே இருப்பவர் தண்ணீரைப் பீய்ச்சாமல், மழை மாதிரி மெல்ல விட வேண்டும். சக்கரத்துக்கு மேல் உள்ள இணைப்பு, பின் விளக்கு, ஜன்னல் ரப்பர், கதவு பீடிங் (கதவோரத்து ரப்பர் பட்டை), கூரை ஓரத்துத் தண்ணீர்க் காவா, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது ஒழுகியது என்று தெரியாது.

காரணங்கள், மலிவானதிலிருந்து:

கதவு பீடிங். காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் அமுங்கிப்போயிருக்கிறது. ஜே.சி. ரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

பின் விளக்கின் கேஸ்கெட், வயர் நுழையும் ரப்பர். கழற்றி, சுத்தம் செய்து, விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள்.

கேரியர் போல்ட், கூரை ஃபேனின் ஓரம். பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டிவிட்டுப் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். காடி மாதிரிப் புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானை வண்டித் தகட்டில் போடவே போடாதீர்கள். அந்த அமிலம் தகட்டை அரிக்கும். பாத்ரூமுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று அடித்த இடங்களில் ஒரு வருடத்தில் துரு வளையம் விழுந்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவன் நான்.

முன் கண்ணாடி. டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநர் காலடியில் ஈரம் என்றால் இதைச் சந்தேகியுங்கள். இதை நீங்கள் தொட வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரரிடம் எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

கூரைக் காவாவில் தகட்டு இணைப்பு விட்டுப்போயிருந்தால் டிங்கர் (வண்டித் தகட்டு வேலைக்காரர்) வேலைதான். மேலே சீலன்ட் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடியில் துருப்பிடிப்பது நிற்காது.

பிரேக் போட்டால் தண்ணீர் சலசலக்கிறது என்றால்

கதவுக்குள்ளோ படிக்கட்டுத் தகட்டுக்குள்ளோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. அடியில் வடிகால் துளைகள் இருக்கும், குனிந்து பாருங்கள். கதவு ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவது இயல்பு, அது கீழே வெளியேறுவதற்காகவே அந்தத் துளைகள். ஃபோம் அடித்தவர் அதையும் சேர்த்து அடைத்துவிட்டிருப்பார். மெல்லிய மரக்குச்சியால் திறந்துவிடுங்கள். ஸ்ப்ரே ஃபோம் உள்ளே இறுகியிருந்தால் கதவுப் பலகையைக் கழற்றிக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.


திருகைச் சுற்றித் துரு நிறம் படர்கிறது

ஒரே ஒரு திருகு என்றால் அதைக் கழற்றுங்கள். திருகு மட்டும் துருவா, ஓட்டையின் ஓரமும் துருவா? திருகு மட்டும் என்றால் துருப்பிடிக்காத 304 ஸ்டீல் திருகு போட்டு மாற்றுங்கள். ஓட்டையும் துரு என்றால் காரணம் துளை போட்டதும் பிரைமர் தொடாமல் விட்டது. சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் வைத்து, அதன் பிறகுதான் புதுத் திருகு. ஸ்டீல் திருகைப் பிரைமர் இல்லாத வெறும் தகட்டில் இறக்கினால் தகடு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

பல திருகுகளில் வந்தால் அது திருகின் குற்றம் அல்ல. பின்னால் ஈரம் நிற்கிறது. மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனைக்குத் திரும்புங்கள்.

தகட்டைத் திருப்புளி நுனியால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ பொத்துக்கொண்டாலோ டிங்கர் வேலை, வெல்டிங். இங்கே ஒரு விஷயத்தில் என் பேச்சைத் தட்டாதீர்கள். வெல்டிங்குக்கு விடும் முன் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு அடிக்குப் பலகை, ஃபோம், வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தகட்டின் பின்பக்கமும் சேர்த்து. ஒரு ஆம்னியில் எடுக்காமலே வெல்டிங் வைத்தார்கள். வெளியே பொறி நின்று ஐந்து நிமிடம் கழித்து உள்ளே ஃபோம் புகைந்து எரிந்தது. பக்கத்தில் தண்ணீர் வாளி இருந்ததால் வண்டி மிஞ்சியது. டிங்கர் பாய் இன்றுவரை பலகை அடித்த வண்டி வந்தால், "மொதல்ல மாஸ்டர்கிட்ட போய்ப் பிரிச்சிட்டு வாங்க" என்றுதான் சொல்கிறார். அதுதான் சரி.


ஃபோம் போட்டும் வெயிலில் உள்ளே அனலாக இருக்கிறது

முதலில், வண்டி நாள் முழுக்கக் கதவு சாத்தி வெயிலில் நின்றதா? ஃபோம் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஏப்ரல் மதியம் சாத்திய வண்டி சுடத்தான் செய்யும். நிழலில் நிறுத்தி, கதவு திறந்து அரை மணி நேரம் ஆன பிறகும் சுட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி, கூரை, தரை, பக்கவாட்டு என்று ஒவ்வொரு இடமாகக் காட்டி அளவை எழுதுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய இடத்தில் நேராகக் காட்டினால் தப்பான அளவு காட்டும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

கண்ணாடிதான் அதிகம் என்றால்: ஃபோமில் குறையில்லை. ஜன்னல் அளவுக்கு வெட்டிய தடுப்பை வெயில் நேரத்தில் பொருத்துங்கள். முடிந்தால் கண்ணாடிக்கு வெளிப்பக்கம். காசு குறைவு, பலன் அதிகம்.

தரையின் முன்பகுதி என்றால்: ஆம்னியிலும் ஈகோவிலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கூரையில் எத்தனை அடுக்குப் போட்டாலும் அந்தச் சூடு குறையாது. சீட்டைத் தூக்கி இன்ஜின் மூடியின் ரப்பரைப் பாருங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள். அந்த மூடியில் சாதாரண ஃபோமை ஒட்டாதீர்கள். இன்ஜின் பக்கத்துக்கென்றே வரும் வெப்பத்தடுப்பு ஷீட் தவிர வேறு எதுவும் அங்கே ஆபத்து.

கூரை என்றால்: பளபளக்கும் பப்பிள் ஷீட்டைத் தகட்டோடு ஒட்டி வைத்து, அதன்மேல் நேராகப் பலகை அடித்திருக்கிறார்களா? அந்தப் பளபளப்பு வேலை செய்ய முன்னால் காற்று இடைவெளி வேண்டும், ஒரு அங்குலம் அளவுக்கு. இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தால் அது வெறும் மெல்லிய தகடு. கூரைப் பலகையை இறக்கி, தகட்டில் 19 அல்லது 25 மி.மீ. நைட்ரைல் ஒட்டுங்கள். உயரம் போகுமே என்று பலர் 6 மி.மீ. போடுகிறார்கள். பக்கவாட்டில் மிச்சம் பிடியுங்கள், கூரையில் வேண்டாம்.

காற்று வெளியேறக் கூரையில் ஃபேன் வைக்கத் தகட்டை வெட்ட நினைத்தால், ரம்பத்தை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. வெட்டும் வேலையைப் பாடி கட்டும் பட்டறையில் கொடுங்கள். ரிப்பை அறுத்துவிட்டால் கூரை தொய்யும்.


பலகை உப்புகிறது, கூரைப் பலகை தொங்குகிறது

கூரை மட்டும், அதுவும் ஏப்ரல் மே மாதத்தில் மட்டும் தொங்கினால் பசைதான். வெயிலில் கூரைத் தகடு கை வைக்க முடியாதபடி சுடும், சாதாரணப் பசை இளகிவிடும். சூடு தாங்கும் பசை என்றே கேட்டு வாங்க வேண்டும். அதுவும் ஃபோமுக்குத்தான், பலகைக்குத் திருகு. தெர்மகோல் அல்லது எக்ஸ்.பி.எஸ். போர்டு (தெர்மகோல் இனத்துக் கெட்டிப் பலகை) ஒட்டியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். மஞ்சள் நிற ரப்பர் பசை அதைக் கரைத்துத் தின்றுவிடும். பிரித்தால் பின்பக்கம் குழி குழியாக இருக்கும்.

மூட்டு சேரும் இடங்களில் மட்டும் உப்பினால் பலகைகளை இடைவெளி இல்லாமல் முட்ட வைத்திருக்கிறார்கள். ஓரத்தை இழைத்து 2, 3 மி.மீ. இடம் விட்டு, மேலே மெல்லிய பட்டை அடித்து மூடுங்கள்.

அடிப்பகுதி மட்டும் உப்பி, விரலால் அமுக்கினால் அமுங்கினால் பிளைவுட் தண்ணீர் குடித்திருக்கிறது. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். பிளை எந்தத் தரம் என்று பார்க்க, வெட்டிய துண்டு ஒன்றைப் பாத்திரத்தில் போட்டு நான்கு மணி நேரம் கொதிக்க விடுங்கள். அடுக்குப் பிரிந்தால் அது வண்டிக்கு ஆகாது. மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டில் வாங்கும்போது ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளை) முத்திரை பார்த்து வாங்குங்கள். 303 முத்திரையில் எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும் ரகம்) என்று இருப்பதை வீட்டுக்குள் அலமாரிக்குப் போடலாம். எடை குறைய வேண்டுமென்றால் பி.வி.சி. ஃபோம் போர்டு நல்லது. ஆனால் வெயில் படும் கூரையில் அது வளையும், பக்கவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளித் தகடே உப்பியிருக்கிறதா? வண்டிக்கு வெளியே நின்று சாய்வாகப் பாருங்கள். ஸ்ப்ரே ஃபோமை மூடிய குழிக்குள் அளவுக்கு மீறி அடித்தால் அது விரிந்து தகட்டையே தள்ளிவிடும். இது டிங்கர், பெயின்டர் இரண்டு பேருக்குமான வேலை. செலவும் அப்படி.


ஓடும்போது கிரீச், கடகட

ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து, ஹம்ப் நிறைய இருக்கும் தெருவில் மெதுவாகப் போங்கள். சத்தம் வரும் பக்கத்தில் பலகையை உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றால் இடம் கிடைத்துவிட்டது. சரியாகத் தெரியாவிட்டால் மூட்டுகளில் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். எந்த டேப் ஒட்டியதும் சத்தம் போனதோ அந்த மூட்டு.

கிரீச் என்றால் மரம் தகட்டோடு உரசுகிறது. நடுவே ஃபெல்ட் டேப் போதும். கடகட என்றால் திருகு இளகியிருக்கிறது, தகட்டில் ஓட்டை பெரிதாகியிருக்கும். பெரிய திருகு போட்டு ஒப்பேற்றாமல் ரிவெட் நட் போடுங்கள். சறுக்குக் கதவைத் திறக்கும்போது மட்டும் சத்தம், பூட்டு இறுக்கம் என்றால், பலகையின் பின்பக்கம் பூட்டுக் கம்பியில் இடிக்கிறது. அந்த இடத்தைக் குடைந்துவிட்டால் போதும்.


மூடிய வாடை

மண்வாடை என்றால் பூசணம். ஈரம் பற்றிய பகுதிக்குப் போங்கள், வாசனை ஸ்ப்ரே வேண்டாம். புதுப் பசை வாடை கதவுகளைத் திறந்து வைத்தால் நான்கைந்து நாளில் குறையும். அதுவரை உள்ளே தூங்காதீர்கள். செத்த நாற்றம் என்றால் எலி. பெங்களூருவில் தெருவில் நிற்கும் வண்டிக்கு இது சகஜம். தரை ஓட்டைகளைக் கம்பி வலையால் மூடிவிட்டு, ஃபோமைப் பிரித்துக் கூட்டைத் தேடுங்கள், பக்கத்து வயரையும் பாருங்கள்.

புகை வாடையோ கேஸ் வாடையோ என்றால் அந்த நிமிடமே இறங்கிவிடுங்கள். தரையில் ஓட்டை போட்டு அடைக்காமல் விட்டிருந்தால் சைலன்சர் புகை உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்தில் தெரியாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரைமட்டத்தில் பலகைக்குப் பின்னால் தங்கும். ஸ்விட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்து, சிலிண்டரை மூடி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்த இரண்டுக்கும் நீங்களாகச் செய்து பார்க்கும் சோதனை எதுவும் இல்லை.


பலகை அடித்த பிறகு ஃபியூஸ் போகிறது

திருகு வயரில் இறங்கியிருக்கிறது. பத்தில் எட்டு வண்டியில் இதுதான் பார்த்தேன். 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்று 20 போடாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும், அதுவும் ஃபோமுக்குள்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். போகும் ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த லைனில் உள்ள விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனை லைனில், ஒரு முனை பாடியில். பீப் வந்தால் எங்கோ தகட்டோடு தொடுகிறது. இப்போது வயர் போகும் வழியில் இருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பீப் நிற்கும் திருகுதான் காரணம். அந்த இடத்தில் பலகையை இறக்கி, அடிபட்ட வயரை வெட்டி, சரியாக இணைத்து, நெளி குழாய்க்குள் விட்டு ரிப்பிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். 6 மி.மீ. பலகைக்கு 19 மி.மீ. திருகு போதும்.

எல்லாத் திருகும் கழற்றியும் பீப் நிற்கவில்லை என்றாலோ, வயர் ஓரத்தில் கருகியிருந்தாலோ, அல்லது ஓடும் வழி ஏர்பேக் இருக்கும் பில்லர் பக்கம் என்றாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் அந்தப் பக்கத்துப் பலகைகளை நீங்களே இறக்கி, எது எந்த இடம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துவிட்டால், அவருக்கு அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.